ஜப்பான் வேன் வாங்கப் போறீங்களா? மாடல் பேரை விட கியர்பாக்ஸை முதல்ல பாருங்க!

எஸ்டிமா, அல்ஃபார்ட், எல்கிராண்ட், செரீனா... ஏழெட்டு பேர் வசதியா உட்கார்ந்து போகலாம் என்பதால் ஜப்பானின் இந்த ஃபேமிலி வேன்களுக்கு எப்போதும் மவுசு உண்டு. அங்கே சில வருடம் ஓடிய வண்டிகள், அதேபோல வலது பக்க ஸ்டீயரிங் உள்ள மலேசியா, இலங்கை, பிரிட்டன் போன்ற நாடுகளுக்குக் கப்பலேறி வருகின்றன. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பிப்ரவரியில் மீண்டும் தொடங்கியது.

இந்த வேன்கள் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக்தான். ஆனால் 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே வார்த்தைக்குள் நாலு விதமான கியர்பாக்ஸ் இருக்கு. வாங்கிய பிறகு ஆகும் செலவை இதுதான் தீர்மானிக்கும்.

1. வழக்கமான ஆட்டோமேட்டிக்

டார்க் கன்வெர்ட்டரும் தனித்தனி கியர்களும் கொண்ட பழைய முறை இது. மாஸ்டா போங்கோ ஃப்ரெண்டி (1995-2005), 2000-ல் வந்த இரண்டாம் தலைமுறை எஸ்டிமா ஆகியவற்றில் 4 கியர். 2002-ல் வந்த நிசான் எல்கிராண்டில் 5 கியர். 2006-க்குப் பிறகு வந்த 3.5 லிட்டர் எஸ்டிமாவில் 6 கியர். 3.5 லிட்டர் அல்ஃபார்டில் 2018 முதல் 8 கியர். கனமான சுமை, மலை ஏற்றம் என்றால் இது நன்றாகத் தாங்கும். ஆனால் பழைய 4 கியர் வண்டிகளும், பெரிய வி6 இன்ஜின்களும் பெட்ரோலை அதிகம் குடிக்கும்.

2. சிவிடி

இதில் தனித்தனி கியரே கிடையாது. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு இரும்பு பெல்ட் ஓடும். கப்பிகள் விரிந்து சுருங்கும்போது வேகம் மாறும். 2.4 லிட்டர் எஸ்டிமா (2006 முதல்), 2.4 மற்றும் 2.5 லிட்டர் அல்ஃபார்ட் (2008 முதல்), நிசான் செரீனா (2005 முதல்), எல்கிராண்ட் (2010 முதல்) எல்லாமே சிவிடிதான். ஓட்ட ஸ்மூத், மைலேஜும் பரவாயில்லை. ஆனால் ஆயில் கெட்டாலோ, அதிகம் சூடானாலோ பெல்ட்டும் கப்பியும் தேயும். அப்படித் தேய்ந்தால், பல இடங்களில் முழு கியர்பாக்ஸையே மாற்றச் சொல்வார்கள்.

3. ஹைபிரிட்

2006-க்குப் பிறகு வந்த எஸ்டிமா ஹைபிரிட், 2011-க்குப் பிறகு வந்த அல்ஃபார்ட் ஹைபிரிட் ஆகியவற்றில் இருப்பதை 'இ-சிவிடி' என்பார்கள். பெயரில்தான் சிவிடி, உள்ளே பெல்ட் இல்லை. ஒரு பல்சக்கரத் தொகுப்பும் இரண்டு மோட்டார்களும்தான். தேயும் பாகம் குறைவு. இங்கே பார்க்க வேண்டியது பேட்டரியின் வயசு. 2018-ல் வந்த செரீனா இ-பவரில் இன்ஜின் கரண்ட் மட்டும் தயாரிக்கும், சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார். அதில் வேகத்துக்கு ஏற்ப மாறும் கியர்பாக்ஸே இல்லை.

4. டூயல் கிளட்ச்

2016-ல் வந்த ஹோண்டா ஃப்ரீட் ஹைபிரிடில் 7 கியர் டூயல் கிளட்ச். இதே முறை முதலில் வந்த ஃபிட், வெசல் ஹைபிரிட் கார்கள் 2013-14-ல் ஜப்பானில் பலமுறை திரும்ப அழைக்கப்பட்டன. எனவே டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது வண்டி உதறுதா என்று கட்டாயம் பாருங்க.

ஒரு தப்பான ஆயில் போதும்

பலர் கோட்டை விடுவது இங்கேதான். 2006 மாடல் எஸ்டிமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2.4 லிட்டருக்கு டொயோட்டா சிவிடி ஆயில். 3.5 லிட்டருக்கும் ஹைபிரிடுக்கும் 'டபிள்யூஎஸ்' ஆயில். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே வண்டி மாதிரிதான் இருக்கும். நிசான் சிவிடிக்கு என்எஸ்-2 அல்லது என்எஸ்-3. ஹோண்டாவின் புதிய சிவிடிக்கு எச்சிஎஃப்-2. சிவிடியில் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் பெல்ட் வழுக்கி, கியர்பாக்ஸ் பழுதாகிவிடும். 'எல்லா வண்டிக்கும் இதான்' என்று மெக்கானிக் சொன்னால், டப்பாவை வாங்கிப் படித்துவிட்டு ஊற்றச் சொல்லுங்க.

எந்த கியர்பாக்ஸ்னு எப்படி தெரியும்?

ஜப்பான் வண்டிகளில் சேஸிஸ் நம்பரின் முன்பகுதியே விஷயத்தைச் சொல்லிவிடும். எஸ்டிமாவில் ஏசிஆர் 50 என்றால் 2.4 சிவிடி. ஜிஎஸ்ஆர் 50 என்றால் 3.5, ஆறு கியர். ஏஎச்ஆர் 20 என்றால் ஹைபிரிட். பானெட்டைத் திறந்தால் உள்ளே இருக்கும் தகட்டிலும் இது அச்சிடப்பட்டிருக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது இதை செக் பண்ணுங்க

* இன்ஜின் ஆறிய நிலையில் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. முன்பே சூடாக்கி வைத்த வண்டியில் குறை தெரியாது.
* ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது 'டக்' என்று அடிக்குதா, தாமதம் ஆகுதா?
* 20 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் அதிர்வு இருக்கா? சிவிடியில் இது எச்சரிக்கை.
* ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறாமல் இருக்கா?
* ஜப்பான் ஏல ஷீட்டைக் கேளுங்க. அதிலுள்ள கிலோமீட்டரும் மீட்டரும் ஒத்துப்போகுதா?

யாருக்கு எது?

மலைப்பாதை, அதிக சுமை என்றால் வழக்கமான ஆட்டோமேட்டிக். நகர ஓட்டம், பெட்ரோல் சிக்கனம் என்றால் பேட்டரி நல்ல நிலையில் உள்ள ஹைபிரிட். ஆயில் மாற்றிய ரெக்கார்டு இருந்தால் சிவிடியும் தாராளமாக வாங்கலாம். ரெக்கார்டு இல்லையா? எவ்வளவு பளபளப்பா இருந்தாலும் விலையைப் பேசுவதற்கு முன் யோசிங்க.