நீரிழிவு சிறுநீரக நோயில் வெள்ளையணுக்களின் பங்கு: ஒரு வரலாறு

நீரிழிவு நோயாளிகளுக்குச் சிறுநீரகம் பழுதடைவதற்கு நெடுங்காலம் இரண்டு காரணங்களே முதன்மையாகச் சொல்லப்பட்டு வந்தன. ஒன்று இரத்தத்தில் மிகும் சர்க்கரை. மற்றொன்று சிறுநீரகத்தின் வடிமுடிச்சுகளுக்குள் மிகும் அழுத்தம். உடலைக் காக்கும் வெள்ளையணுக்களும் இக்கேட்டில் பங்கு கொள்கின்றன என்பது மிகத் தாமதமாகவே ஏற்கப்பட்டது.

வெள்ளையணுக்களில் பெருவிழுங்கிகள் எனப்படும் மேக்ரோபேஜ்கள் அறிவியலுக்குப் புதியவை அல்ல. 1882இல் இத்தாலியின் மெசினாவில் விண்மீன் குடம்பிகளை ஆராய்ந்தபோது, நுழைந்த பொருளைச் சூழ்ந்துகொள்ளும் அணுக்களை இலியா மெச்னிகோவ் கண்டார். 1908இல் நோபல் பரிசும் பெற்றார். நீரிழிவால் சிறுநீரக வடிமுடிச்சுகளில் உருவாகும் உருண்டைத் தழும்புகளை 1936இல் பால் கிம்மெல்ஸ்டீல், கிளிஃபோர்டு வில்சன் ஆகியோர் விவரித்தனர். இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்க மேலும் அரை நூற்றாண்டு ஆனது. எதிர்ப்பாற்றலால் வரும் சிறுநீரக நோய் என்றால் எதிர்பொருள் படிவுகளைத் தேடுவதே வழக்கமாக இருந்தது. நீரிழிவுச் சிறுநீரகத்தில் அவ்வகைப் படிவுகள் நோய்க்குக் காரணமாக அமையவில்லை. ஆகவே அது வேறு பட்டியலில் வைக்கப்பட்டது. தேடியது எதிர்பொருளை, அங்கே இருந்ததோ அணுக்கள்.

1993இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நோயாளிகளிடமிருந்து எடுத்த சிறுநீரகத் திசுத் துணுக்குகளில் பெருவிழுங்கிகள் குவிந்திருப்பதை எடுத்துக்காட்டினர். ஆனால் அவை நோயை உண்டாக்குகின்றனவா, நோய் வந்தபின் வந்து சேர்ந்தவையா என்ற கேள்வி எஞ்சியது. 2006இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் ஆய்வாளர்கள் எலிகளில் இதைச் சோதித்தனர். பெருவிழுங்கிகளை அழைக்கும் எம்சிபி-1 என்ற புரதம் இல்லாத எலிகளுக்கு நீரிழிவு வந்தபோதும் சிறுநீரகச் சேதம் குறைவாகவே இருந்தது. அணுக்கள் வெறும் பார்வையாளர்கள் அல்ல என்பது எலிகளிலாவது தெளிவாயிற்று.

நடப்பது இதுதான். மிகுந்த சர்க்கரையால் துன்புறும் சிறுநீரகத் திசு இப்புரதத்தைச் சுரக்கிறது. இரத்தத்தில் செல்லும் ஒற்றையணுக்கள் அந்த அழைப்பைப் பின்பற்றித் திசுவுக்குள் புகுந்து பெருவிழுங்கிகளாகின்றன. புண் என்றால் வேலை முடிந்ததும் அவை விலகும். சர்க்கரை தணியாதவரை இங்கே அழைப்பும் நிற்பதில்லை. அவை வெளியிடும் அழற்சிப் பொருள்கள் தழும்பு நாரை வளர்க்கின்றன. வடிகட்டி ஓட்டையாகி ஆல்புமின் சிறுநீரில் கசிகிறது. வலி ஏதும் இராது என்பதே இதன் கொடுமை.

தமிழ்நாட்டில் நீரிழிவுக்கெனத் தனி மருத்துவப் பிரிவை மருத்துவர் மு. விசுவநாதன் 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் தொடங்கினார். 2007இல் வெளியான சென்னை நகர ஆய்வொன்று, நீரிழிவு உள்ளோரில் 26.9 விழுக்காட்டினருக்குச் சிறுநீரில் நுண்ணளவு ஆல்புமின் கசிவதைக் கண்டது. முற்றிய சிறுநீரக நோய் இருந்தவர்கள் 2.2 விழுக்காட்டினரே. அதாவது, தடுத்து நிறுத்தக்கூடிய நிலையில் இருந்தவர்களே மிகப் பலர்.

சிற்றூர்களில் இதை எப்படிக் கண்டறிவது? விழுப்புரம் மாவட்டப் பனமலை போன்ற ஊரில் திசுத் துணுக்கு எடுத்துப் பெருவிழுங்கிகளை எண்ண முடியாது, தேவையுமில்லை. சிறுநீரக மருத்துவர் மு. கி. மணியின் சென்னைச் சிறுநீரக உதவி அறக்கட்டளை இதற்கொரு வழி காட்டியது. பள்ளிப் படிப்பு மட்டுமே கொண்ட உள்ளூர்ப் பெண்கள் பயிற்சி பெற்று, சென்னைக்கு அருகிலுள்ள சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்றனர். சல்போசாலிசிலிக் அமிலத்தால் சிறுநீரில் புரதத்தையும், பெனடிக்ட் கரைசலால் சர்க்கரையையும் சோதித்தனர். இரத்த அழுத்தம் அளந்தனர். நோய் கண்டவர்களுக்கு மெட்ஃபார்மின், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற மலிவான மருந்துகளே தரப்பட்டன. நுண்ணளவு ஆல்புமினை இச்சோதனை காட்டாது என்பது அதன் குறை. ஆயினும் டயாலிசிஸ் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை.

பெருவிழுங்கிகளை நேரடியாகத் தடுக்கும் மருந்துகளும் ஆராயப்பட்டன. எம்சிபி-1 சென்று பொருந்தும் ஏற்பியை அடைக்கும் சிசிஎக்ஸ்140-பி என்ற மருந்தின் ஓராண்டுச் சோதனை முடிவு 2015இல் வெளிவந்தது. வழக்கமான மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது ஆல்புமின் கசிவு ஓரளவே குறைந்தது. இருமடங்கு அளவு கூடுதல் பயன் தரவில்லை. அம்மருந்து இன்னும் நோயாளியின் மருந்துச் சீட்டுக்கு வந்து சேரவில்லை.