அறுவைகளின் எண்ணிக்கையும் இறப்பு விகிதமும்: ஒரு மருத்துவக் கருத்தின் வரலாறு

முன்னுரை

சிக்கலான அறுவைச் சிகிச்சைகளை மிகுதியாகச் செய்யும் மருத்துவமனைகளில் இறப்பு குறைவு என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். அவ்வேறுபாட்டுக்குக் காரணம் மருத்துவமனையா, அறுவை மருத்துவரா என்னும் வினா வளர்ந்த முறையை அமெரிக்க ஆய்வுகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

எண்ணிக்கையும் காரணமும்

ஹரோல்ட் லஃப்ட், ஜான் பங்கர், அலைன் எந்தோவன் ஆகியோர் 1979இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியிட்ட ஆய்வு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை எனலாம். 1,498 மருத்துவமனைகளில் நிகழ்ந்த 12 வகை அறுவைகளை அவர்கள் ஒப்பிட்டனர். திறந்த இதய அறுவை, இரத்தக்குழாய் அறுவை உள்ளிட்ட சிலவற்றை ஆண்டுக்கு 200 அல்லது அதற்கு மேல் செய்த மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் மற்றவற்றைவிட 25 முதல் 41 விழுக்காடு வரை குறைந்திருந்தது. பித்தப்பை நீக்கத்தில் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை.

இத்தொடர்பை இருவகையில் விளக்கலாம். மிகுதியாகச் செய்வதால் திறன் கூடுகிறது என்பது ஒன்று. நற்பெயர் பெற்ற இடத்திற்கே நோயாளர் அனுப்பப்படுவதால் எண்ணிக்கை கூடுகிறது என்பது மற்றொன்று. இரண்டும் பொருந்தும் என்றும், அவற்றின் பங்கு அறுவைதோறும் வேறுபடும் என்றும் லஃப்ட் குழுவினர் 1987இல் காட்டினர்.

மருத்துவமனையும் மருத்துவரும்

ஜான் பர்க்மேயர் குழுவினர் 2002இல் சுமார் 25 இலட்சம் அறுவைகளை ஆராய்ந்தனர். கணைய நீக்க அறுவையை மிகக் குறைவாகச் செய்த மருத்துவமனைகளில் இறப்பு 16.3 விழுக்காடு, மிக அதிகமாகச் செய்தவற்றில் 3.8 விழுக்காடு. கழுத்துத் தமனி அடைப்பு நீக்கத்திலோ வேறுபாடு 0.2 விழுக்காட்டுப் புள்ளி மட்டுமே.

அவர்களது 2003ஆம் ஆண்டு ஆய்வு மருத்துவரின் பங்கைப் பிரித்தறிந்தது. மருத்துவமனை எண்ணிக்கையின் விளைவாகத் தோன்றியதில், பெருந்தமனி வால்வு மாற்றத்தில் முழுவதும், நுரையீரல் நீக்கத்தில் 24 விழுக்காடும் மருத்துவரின் எண்ணிக்கையால் விளக்கப்பட்டன. பின்னதில் தீவிர சிகிச்சை, செவிலியர் கண்காணிப்பு போன்ற மருத்துவமனைக் கூறுகளுக்கு மிகுந்த இடமுண்டு எனக் கருதலாம்.

முடிவுரை

நெதர்லாந்தில் கணைய அறுவைக்கு ஆண்டுக்கு 20 என்னும் குறைந்தபட்ச வரம்பு பின்னர் வகுக்கப்பட்டது. எனினும் எண்ணிக்கை திறனின் குறியீடேயன்றித் திறனே அன்று. ஆண்டுக்கு 5 அறுவை மட்டும் செய்யும் இடத்தில் ஓர் இறப்பும் நிகழாமை திறனை மெய்ப்பிக்காது. ஓர் இறப்பு நேரினும் விகிதம் 20 விழுக்காடாகிவிடும். ஆகவே நேரடி அளவீடு இயலாத அரிய அறுவைகளில் எண்ணிக்கை பயன்மிக்க சான்றாகிறது. அதனையே எல்லா அறுவைகளுக்கும் பொதுவிதியாக்கினால், நோயாளர் பயனின்றித் தொலைதூரம் அலைய நேரும் என்பது இவ்வாய்வுகளால் புலனாகிறது.