எண்ணெயிடுவோனும் இயந்திரமும்

கைத்தொழிற் புரட்சியின் வரலாற்றை ஆராய்வோர் நீராவிக்கும் நிலக்கரிக்கும் அளிக்கும் இடத்தை எண்ணெய்க்கு அளிப்பதில்லை. ஆயினும், உலோகம் உலோகத்தோடு உராயும் இடமெங்கும் எண்ணெயின்றி இயந்திரம் நிலைப்பதில்லை. உரிய வேளையில் உரிய அளவு எண்ணெயைச் செலுத்தும் பொறுப்பு நெடுங்காலம் மனிதக் கைகளிலேயே தங்கியிருந்தது. அப்பொறுப்பு இயந்திரத்திடம் கையளிக்கப்பட்ட கதை தொழில்நுட்ப வரலாறாக மட்டுமன்றிச் சமூக வரலாறாகவும் அமைகின்றது.

இங்கிலாந்தில் 1860 ஆம் ஆண்டில் ஜோன் றாம்ஸ்பொட்டம் இதற்கோர் எளிய வழியைக் கண்டார். எண்ணெய்க் கிண்ணத்துட் புகும் நீராவி குளிர்ந்து நீராகும். அடர்த்தி மிக்க அந்நீர் அடியில் தங்க, மேலெழும் எண்ணெய் சிறிது சிறிதாக வழிந்து உருளையைச் சென்றடையும்.

அமெரிக்காவில் இத்துறையில் முன்னின்றவர் எலைஜா மக்கோய். கென்ரக்கியின் அடிமைத்தளையிலிருந்து தப்பிக் கனடா சென்ற பெற்றோருக்கு ஒன்ராறியோவிற் பிறந்த அவர், ஸ்கொட்லாந்தின் எடின்பரோவிற் பொறியியற் பயிற்சி பெற்றார். எனினும், மிச்சிக்கனில் வேலை தேடிய அக்கறுப்பினப் பொறியியலாளருக்குக் கிடைத்தது, புகையிரத இயந்திரத்துக்குக் கரியிடுவதும் எண்ணெயிடுவதுமான வேலையே. நிறபேதம் அவரை இருத்திய இடத்திலேயே அவரது கல்வி பயன் தந்தது. 1872 இல் அவர் ஆக்கவுரிமை பெற்ற கருவியில் நீராவியின் அமுக்கமே எண்ணெய்க்கு வழி திறந்தது.

‘அசல் மக்கோய்’ என்னும் ஆங்கில வழக்கு அவரது கருவியின் தரத்தால் எழுந்ததென்பர். ஆனால், ‘அசல் மக்காய்’ என்னும் தொடர் 1856 இலேயே ஸ்கொட்லாந்தில் வழங்கியமைக்குச் சான்றுண்டு. அவரே முதல்வர் என்னும் கூற்றும் றாம்ஸ்பொட்டத்தின் முன் நிலைக்காது. இவற்றை நீக்கினும் அவரது பெருமை குன்றாது. ஐம்பதுக்கு மேற்பட்ட ஆக்கவுரிமைகளைப் பெற்ற அவர், 1915 இல் காரீயத்தை எண்ணெயோடு கலந்து செலுத்தும் கருவியையும் அமைத்தார். முதலின்மையால் உரிமைகள் பலவற்றைப் பிறருக்குக் கைமாற்ற நேர்ந்தது. அவரது பெயரில் ஒரு கம்பனி தோன்றியது 1920 இலேயே. 1929 இல் அவர் மறைந்தார்.

இன்று உலோகத் தகட்டை அச்சிலிட்டு அழுத்தும் ஆலைகளிலும், உருளைகளுக்கிடையே செலுத்தி வளைக்கும் ஆலைகளிலும் அதே வினா தொடர்கின்றது. எண்ணெய் குறைந்தால் தகடு கிழியும், அச்சுத் தேயும். மிகுந்தால் வீணாவதோடு, வர்ணம் பூசுமுன் கழுவியகற்றவும் வேண்டும். எனவே, அழுத்தியின் ஒவ்வொரு அடிக்கும் இசைய, தெளிகுழாய்கள் அளந்து தெளிக்கின்றன. அவ்வளவறிவின் மூலம், எண்ணெய்க் கிண்ணத்தோடு இயந்திரத்தருகே நின்ற தொழிலாளியின் அனுபவமே. தொழில்நுட்ப வரலாறு அவனையும் தன் ஏட்டிற் சேர்த்தல் நீதியாகும்.