ஒரே கொடுமை, ஆனால் மீள்வது மட்டும் ஏன் சிலருக்கு இவ்வளவு கஷ்டம்? வாச்சாத்தி சொல்லும் பதில்

வன்முறைக்கு ஆளான ஒருவர் அதிலிருந்து மீள மன உறுதி மட்டும் போதுமா? போதாது. சாதி, வறுமை, அடித்தவரின் அதிகாரம் எல்லாமே அதைத் தீர்மானிக்கின்றன. வாச்சாத்தி வழக்கைப் பார்த்தாலே புரியும்.

என்ன நடந்தது?

தருமபுரி மாவட்டம் அரூர் அருகே, சித்தேரி மலையடிவாரத்தில் பழங்குடியினர் வாழும் ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20-ம் தேதி, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் உள்ளே புகுந்தனர். வீடுகள் நொறுக்கப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். கடைசியில் ஜெயிலுக்குப் போனதும் ஊர்க்காரர்கள்தான்!

யாரிடம் போய்ச் சொல்வது?

மீட்சியின் முதல் படி பாதுகாப்பு என்கிறார் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன். இனி ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகுதான் நடந்ததை வாய் திறந்து சொல்லவே முடியும். வாச்சாத்தியில் அந்த முதல் படியே கிடையாது. கை வைத்தவர்கள் சீருடையில் இருந்தார்கள். புகார் கொடுக்கப் போக வேண்டியதும் அதே சீருடையிடம். திரும்பி வந்தால் குடியிருக்க வீடில்லை, ‘சந்தனம் கடத்துற ஊர்’ என்ற பட்டம் வேறு. வசதியான குடும்பம் என்றால் வக்கீல், டாக்டர், தெரிந்த அதிகாரி என நாலு கதவைத் தட்டியிருக்கலாம். இவர்களுக்கு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் துணைக்கு வந்த பிறகே, 1995-ல் சிபிஐ விசாரணை கிடைத்தது.

31 வருஷக் காத்திருப்பு

குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டனர். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் அறிவித்தது. பிறகு மேல்முறையீடு, இன்னும் 12 வருஷம். 2023-ல் நீதிபதி பி.வேல்முருகன் ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29-ல் தண்டனையை உறுதி செய்து, 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமே வசூலிக்கவும் உத்தரவிட்டார். அன்று சிறுமியாக இருந்தவர், அதற்குள் நாற்பதைத் தாண்டிவிட்டார்.

இப்போது என்ன உதவி?

2016-ல் அமலான வன்கொடுமை தடுப்புத் திருத்தச் சட்டம், பாதிக்கப்பட்ட எஸ்சி, எஸ்டி மக்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு தருவதை அரசின் கடமையாக்குகிறது. புகார் வாங்கும் மேசைக்கு இது ஞாபகம் இருக்கணும், அவ்வளவுதான். பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

அரூரோ குமரி மாவட்டம் புதுக்கடையோ, எண்கள் ஒன்றுதான். பெண்கள் உதவிக்கு 181, சாதி வன்கொடுமை புகாருக்கு 14566, இலவச சட்ட உதவிக்கு 15100, மனநல ஆலோசனைக்கு 14416.