டிரிஃப்டிங் பயிற்சி

டிரிஃப்டிங் என்பது பின்சக்கர இயக்கமுள்ள காரின் பின்டயர்களை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, ஸ்டீயரிங்கை வளைவுக்கு எதிர்ப்புறம் திருப்பி, ஆக்ஸிலேட்டரால் அந்தச் சறுக்கலை நீட்டிக்கும் வித்தை. ஜப்பானில் இது மலைச்சாலைகளில்தான் வளர்ந்தது. எனவே இடுக்கி எல்லையின் போடிமெட்டு, மூணாறு கேப் ரோடு வளைவுகளே தகுந்த பள்ளி என்பார்கள். பொருந்தாத வாதம். கற்பவரின் கார் முதலில் பலமுறை சுழன்று நிற்கும். அதற்கு நாற்புறமும் வெற்றிடம் வேண்டும். கேப் ரோட்டிலோ ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், எதிரே சுற்றுலா ஜீப். ஆபத்தாக ஓட்டுவதைத் தண்டிக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு வேறு காத்திருக்கிறது.

மலைச்சாலைக்குப் பதிலாக மூடிய பந்தயத்தடத்தை நாடலாம். பாலக்காட்டார் வாளையார் எல்லையைத் தாண்டினால் கோவை செட்டிபாளையத்தில் பந்தயவீரர் கரிவர்தன் பெயரிலான கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. தடவாடகையும் டயர்ச் செலவும் எளியவருக்கு எட்டாது என்பது நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் மூடிய திடலில் நீர் தெளித்தால் குறைந்த வேகத்திலேயே பின்டயர் வழுக்கும். ரப்பரும் அவ்வளவாகத் தேயாது.