சங்கீதம் எண்டால் எது?

ஆறாம் ஆண்டுக்கு வந்தவுடனே வகுப்பு ரீச்சர் கேட்பா: "சங்கீதமா, நடனமா, சித்திரமா?" அழகியல் பாடத்தில ஏதாவது ஒண்டு எடுத்தே ஆகவேணும். எங்களில் சிலர் சங்கீதத்துக்குக் கை உயர்த்தினோம். கொஞ்சப் பேருக்குப் பாட்டில் ஆசை. கொஞ்சப் பேருக்குச் சித்திரக் கொப்பியும் கலரும் வாங்கக் காசில்லை.

வெள்ளவத்தையில் படித்தவர்களும் கொட்டாஞ்சேனையில் படித்தவர்களும் இந்தக் குழுவில் இருக்கிறோம். பள்ளிக்கூடங்கள் வேறு, பாடம் ஒண்டுதான். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், பிறகு வர்ணம், கீர்த்தனை. தமிழ்மொழிமூலப் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் எண்டால் அநேகமாகக் கர்நாடக சங்கீதம்தான். அப்ப எங்களுக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை. பல வருசம் கழித்து, இது எப்படி வந்தது எண்டு தேடத் தொடங்கினோம்.

கதை பள்ளிக்கூடத்தில் தொடங்கவில்லை, சோதனையில் தொடங்குகிறது. 1931இல் வட இலங்கைச் சங்கீத சபை உருவானது. தரம் தரமாகச் சோதனை, அறிமுறை ஒரு பக்கம், செய்முறை ஒரு பக்கம், கடைசியில் ஆசிரியர் தரம். அதில் சித்தியடைந்தவர் பெயரோடு 'கலாவித்தகர்' சேரும். பியானோ படித்த பிள்ளைகள் லண்டன் சோதனைகளை எப்படிப் படிப்படியாகக் கடந்தார்களோ, அதே அமைப்பு. ராகம் தெற்கிலிருந்து வந்தது. படிக்கட்டு ஆங்கிலேயர் கட்டியது.

அந்தக் காலம் தமிழ்நாட்டிலும் இசை வீட்டையும் கோயிலையும் விட்டு நிறுவனங்களுக்குள் போன காலம். 1928இல் மதராஸ் மியூசிக் அக்கடமி தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை பாடமாகியது. இங்கிருந்து போய்ப் படித்துத் திரும்பியவர்கள் பள்ளிக்கூடங்களில் பாட்டு ரீச்சர்மாராகவும் வாத்தியார்மாராகவும் ஆனார்கள். 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் சங்கீத அக்கடமி வந்தபிறகு, கடல் கடக்காமலே படிக்க வழி பிறந்தது. அதுக்கு அதிபராக இருந்தவர்களில் ஒருவர் மகாராஜபுரம் சந்தானம்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1972 சீர்திருத்தத்தில் அழகியல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான பாடமாகியது. இதை லேசாக எடுக்கக்கூடாது. அதுவரைக்கும் பாட்டுப் படிக்கிறது எண்டால் வீட்டுக்கு வாத்தியாரைக் கூப்பிடக்கூடிய குடும்பங்களின் விசயம். கலியாணச் சந்தையில் 'பிள்ளை பாட்டும் படிச்சிருக்கிறா' எண்டு சொல்லுறதுக்கான விசயம். அது நேரசூசிக்குள் வந்ததால்தான், சுருதிப்பெட்டியைக் கண்ணால் காணாத வீட்டுப் பிள்ளையும் மாயாமாளவகௌளையைப் பாடியது. எங்களில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான்.

ஆனால் கதவு திறந்தபோது எந்த இசை உள்ளே வந்தது, எது வெளியே நிண்டது?

முதலில் நாதஸ்வரமும் தவிலும். அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933 - 1975) தமிழ்நாட்டு வித்துவான்களையே அசர வைத்தவர். இந்தக் கலை வளர்ந்தது தகப்பன், மாமன், குரு வீடு எண்ட வழியில். ஆடிவேல் ரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும்போது தவிலைக் கேட்டு நாங்களும் பின்னாலே நடந்திருக்கிறோம். வகுப்பில் அந்த வாத்தியத்தின் படத்தைக் கொப்பியில் கீறினோம், உறுப்புகளைப் பெயரிட்டோம். வாசிக்கிற ஒருவர் வகுப்பறைக்குள் வந்து இருந்ததில்லை. ராகம் மேடைக்கும் பள்ளிக்கும் போக, அதைக் காத்த சாதிக்காரர் கோயில் வீதியிலேயே நிண்டுவிட்டார்கள். இதைச் சாதி எண்டு சொல்லாமல் வேறெப்படிச் சொல்லுறது?

அடுத்தது கொட்டாஞ்சேனை. ஒரு பக்கம் சென் லூசியாஸ் பேராலயம், இன்னொரு பக்கம் விவேகானந்த சபை, கொஞ்சம் தள்ளிக் கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயிலும் அந்தோனியார் கோயிலும். கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள், மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் எல்லாரும் ஒரே ஒழுங்கையில். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் ஆர்மோனியத்தோடு பாடுற பிள்ளைக்குச் சுருதியும் லயமும் ஏற்கெனவே தெரியும். திங்கட்கிழமை வகுப்பில் அதுக்கு மார்க்ஸ் இல்லை. தெலுங்குக் கீர்த்தனையைத் தமிழ் எழுத்தில் எழுதி, பொருள் தெரியாமல் பாடமாக்கவேணும். தமிழில் பாடவேணும் எண்டு தமிழ்நாட்டில் தமிழிசை இயக்கம் போராடி, 1943இல் தமிழ் இசைச் சங்கமே உருவாகியிருந்தது. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பழந்தமிழ் இசையை ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் கொழும்பில் காலமானார். எங்கட கொப்பியில் அவர் ஒரு சிறுகேள்விக்கான விடை, அவ்வளவுதான்.

மூண்டாவது, துள்ளிசை. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடின பொப் பாடல்கள் வானொலியால் நாடு முழுக்கப் போனது. சிங்கள பைலாவும் தமிழும் கலந்த அந்தத் தாளம் கொழும்புக்காரரின் உண்மையான பொதுச்சொத்து. பஸ்ஸிலும் கலியாண வீட்டிலும் கிரிக்கெட் மட்ச்சிலும் எல்லாரும் பாடுவினம். பாட்டு ரீச்சருக்கு முன்னால் ஒருத்தரும் பாடமாட்டினம்.

இதையெல்லாம் எழுதும்போது கர்நாடக சங்கீதத்தைக் குறை சொல்லுறோம் எண்டு நினைக்கவேண்டாம். 1983 ஜூலையில் வெள்ளவத்தை எரிந்தது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமாகியது. கப்பலேறி வடக்கே போனவர்கள் பலர், நாட்டைவிட்டே போனவர்கள் பலர். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களால் வெள்ளவத்தைத் தொடர்மாடிகள் நிரம்பின. சோதனைச்சாவடிக் காலத்தில், பின்னேரம் ஒரு மாடியில் வீணையும் அடுத்த மாடியில் வயலினும் கேட்டது. இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலும் 57ஆம் ஒழுங்கைத் தமிழ்ச் சங்கத்திலும் பிள்ளைகள் மேடையேறினார்கள். பயந்து வாழ்ந்த சனத்துக்கு அந்த வகுப்புகள் ஒரு பிடிமானம். அதை மறுக்க எங்களால் முடியாது.

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சேர்ந்து பாடின பாட்டு ஒண்டே ஒண்டுதான்: காலைக்கூட்டத்தில் தேசிய கீதம். அதுவும் ஒரு வாத்தியாரின் பாட்டு. காலி மகிந்த கல்லூரியில் படிப்பித்த ஆனந்த சமரக்கோன் 1940இல் எழுதினது. 1951இல் தேசிய கீதமாகியது. தொடக்க எழுத்துகள் நாட்டுக்கு ஆகாது எண்டு சொல்லி, அவர் விருப்பத்துக்கு மாறாக 1961இல் முதல் வரியை மாற்றினார்கள். அடுத்த வருசம் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதைத் தமிழாக்கினவர் பண்டிதர் மு. நல்லதம்பி. நாங்கள் தினமும் பாடின அந்தத் தமிழ் வடிவம், 2016 சுதந்திர தின அரச விழாவில் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஒலித்தது. 2020இல் மீண்டும் காணாமல் போனது. ஆர் எதைப் பாடலாம் எண்டு மேலே இருக்கிறவர்கள் தீர்மானிக்கிறபோது எங்களுக்குக் கோபம் வருகிறது. அதே தீர்மானத்தை எங்கட வகுப்பறைக்குள்ளே நாங்களும் எடுத்திருக்கிறோம் எண்டதுதான் உறைக்கிறது.

நாங்கள் கேட்பது பெரிய புரட்சி ஒண்டுமில்லை. தவில்காரர் ஒருவரை ஒரு பாடவேளைக்குக் கூப்பிடுங்கோ, வாசிச்சுக் காட்டட்டும், கூலியையும் மரியாதையாகக் குடுங்கோ. பாடகர் குழுவில் பாடுற பிள்ளையை வகுப்பில் ஒருநாள் பாடவிடுங்கோ. தோட்டத்திலிருந்து வந்த அம்மம்மாவின் தாலாட்டைப் பேரப்பிள்ளை கொப்பியில் எழுதி வரட்டும். சோதனைக்கு வராதெண்டு சொல்லுவினம். வராதுதான். ஓ.எல். முடிஞ்சு பத்து வருசத்துக்குப் பிறகு எங்களில் எத்தினை பேர் இண்டைக்கும் பாடுறம் எண்டு எண்ணிப் பார்த்தோம். இரண்டே பேர். ஒருவர் கோயிலில் தேவாரம் பாடுறார், மற்றவர் பைலா பாடுறார்.