ஃபைட்டர் மீனும் நீர்ச்செடிகளும்

நம்மூர் மீன் கடைகளில் 'ஃபைட்டர்' என்று விற்கப்படும் மீனின் அறிவியல் பெயர் பீட்டா ஸ்ப்ளென்டென்ஸ். தாய்லாந்தின் வயல்களும் சதுப்புகளும்தான் இதன் பிறந்தகம். 2019-ல் அந்நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

செவுள் போதாதென்று, இதன் தலைக்குள் லாபிரிந்த் என்ற உறுப்பும் உண்டு. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கிச் சுவாசிக்கும். இதை வைத்துக்கொண்டுதான், கண்ணாடிக் குவளையின் வாயில் பீஸ் லில்லிச் செடியைச் செருகி, அடியில் மீனை விட்டு, 'வேரைத் தின்றே வாழும்' என்று விற்றார்கள். சுத்தப் பொய். இது புழு பூச்சி தின்னும் மீன். குவளைக்குள் மெல்லப் பட்டினி கிடந்து சாகும். காற்று மேலிருந்து கிடைத்தாலும், தன் கழிவின் அம்மோனியாவிலேயே அது நீந்தியாக வேண்டும்.

அந்த அம்மோனியாவை உறிஞ்சி வளர்வதால்தான் உயிருள்ள செடிக்கு மதிப்பு. ஆனால் செடி மட்டும் போதாது. குறைந்தது 20 லிட்டர் தொட்டி, வேகமில்லாத வடிகட்டி, குளோரின் நீக்கிய நீர், 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். குளிர்நாட்டில் ஹீட்டர் இல்லாமல் ஆகாது.

மங்கலான வெளிச்சத்திலும் வளரும் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டும் புதியவர்களுக்கு ஏற்றவை. இஞ்சி போலப் படரும் இவற்றின் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டினால் போதும். மிதக்கும் செடிகளை நீர்ப்பரப்பு முழுவதும் மூட விடக்கூடாது, மீன் மூச்சுவிட இடம் வேண்டுமே! பழுத்த இலைகளை உடனே கிள்ளிவிடுங்கள். அழுகினால் அதுவும் அம்மோனியாதான்.